மூணு ஓ.டி.!

'ஓ.டி.'ன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் பாஸ்?

அம்பத்தூர் பசங்களைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார்கள். பஸ் போர்டில் இருக்கிற ஓ.டி., அதாவது ஓல்டு டவுன். எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்க்கிற அண்ணனைக் கேட்டால் 'ஓவர்டைம்' என்பார். இதே ஏரியாவில் சில வீடுகளில் மட்டும் அந்த ரெண்டு எழுத்துக்கு மூணாவதாக ஓர் அர்த்தம் உண்டு. ஆக்குபேஷனல் தெரபி! பையனோட ஓ.டி. ஃபீஸுக்காக அப்பா ஓ.டி. பார்க்க, அம்மா பையன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். மூணு ஓ.டி.யும் ஒரே குடும்பத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற மேட்டர்தான் இந்த வாரம்.

ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி., அறிவுசார் குறைபாடு, டிஸ்லெக்சியா மாதிரியான கற்றல் குறைபாடு... மூளை வளர்கிற விதத்திலேயே வருகிற வித்தியாசங்கள் இவை. மொத்தமாக 'நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடுகள்' என்கிறார்கள் டாக்டர்கள். இந்தக் குழந்தைகளைப் பற்றி 'தாரே ஜமீன் பர்' வந்த 2007-லிருந்து நிறையப் பேசியாச்சு, கர்ச்சீப்பும் நனைந்தாச்சு. ஆனா, குழந்தைக்குப் பக்கத்துல ஒரு அம்மாவும் அப்பாவும் நிற்கிறாங்களே, அவங்களை கேமரா அவ்வளவாகக் காட்டுவதில்லை.

'நமக்கே அரியர் கியூவில் நிற்குது, இதுல இது வேறயா?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நம்ம நாட்டில் ஐந்து இடங்களில், 2 முதல் 9 வயது வரையுள்ள கிட்டத்தட்ட 4,000 குழந்தைகளைப் பரிசோதித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2018-ல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வந்தது. காது கேளாமை, வலிப்பு போன்றவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ எட்டில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஒரு குறைபாடு இருந்தது. எட்டில் ஒண்ணு! உங்க காலேஜ் பஸ்ஸில் எத்தனை சீட்? அதில் யாரோ ஒருத்தர் வீட்டில் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இல்லாமல் இருக்க வாய்ப்பே இல்லை. உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.

ஸ்ட்ரெஸ் ஈக்வல் டு லோடு பை ஏரியா!

நான் மெக்கானிக்கல். எங்களுக்கு ஸ்ட்ரெஸ் என்றால் டைரியில் எழுதுகிற சோகம் இல்லை, பதினாறு மார்க் கேள்வி! லோடை, அதைத் தாங்குகிற பரப்பளவால் வகுத்தால் வருவது ஸ்ட்ரெஸ். லோடு அப்படியே இருக்க, தாங்குகிற பரப்பு குறைந்தால் போதும், ஸ்ட்ரெஸ் எகிறிவிடும்.

இந்த ஃபார்முலாவைக் கொண்டுபோய் பட்டாபிராமில் ஏதாவது ஒரு வாடகை வீட்டில் வைத்துப் பாருங்கள். பாட்டி, சித்தி, அத்தை என்று பத்துக் கை தாங்கிய லோடை இப்போது தாங்குவது ரெண்டே கை. வேலைக்காக ஊரை விட்டு வந்து குடியேறியவர்கள்தான் நம்ம ஏரியாவில் ஜாஸ்தி. அறுபதுகளில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்ததிலிருந்து அப்படித்தான். சொந்தமெல்லாம் விழுப்புரத்திலும் வேலூரிலும் இருக்கிறது. பொங்கலுக்கு வந்து பார்த்துவிட்டு, "ஏன் இன்னும் பேசல?"ன்னு கேட்டுட்டு அவங்க போயிடுவாங்க.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இன்னொரு வார்த்தையும் தெரியும். ஃபெட்டீக்! ஒரு கம்பியை உடைக்க பெரிய லோடு தேவையே இல்லை. சின்ன லோடு போதும், அது லட்சம் தடவை திரும்பத் திரும்ப வரணும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் பட்!

அந்தச் சின்ன லோடு எப்படி இருக்கும் தெரியுமா? ஒருநாள், ஒரே ஒருநாள், அந்த அம்மா இடத்தில் நீங்க இருந்து பாருங்க.

ராத்திரி ரெண்டரைக்குப் பையன் முழித்துக்கொள்வான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் தூக்கம் பெரிய பிரச்னை. அவன் தூங்கவில்லை என்றால் நீங்களும் தூங்க முடியாது. ஏன்னா, கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான். அதனால்தான் அந்த வீடுகளில் மெயின் கதவுக்குக் கை எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் இருக்கும். கொரட்டூர், பட்டரவாக்கம் பக்கம் தண்டவாளத்துக்கு அருகிலேயே குடியிருக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை மின்சார ரயில் ஹார்ன் அடிக்கும்போதும் கண் தானாகத் தாழ்ப்பாளைப் பார்க்கும்.

காலையில் இட்லி. அதே தட்டு, அதே இடம். தட்டு மாறினால் சாப்பாடு கிடையாது. பல் தேய்ப்பது ஒரு போர். முடி வெட்டுவது உலகப் போர். யூனிஃபார்ம் காலரில் லேபிள் உறுத்தினால் அழுகை. மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறல், அதனால் சட்னியை அவன் எழுவதற்கு முன்பே அரைத்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு ஸ்கூலில் இருந்து போன் வருமோ என்று ஒரு கண் எப்பவும் மொபைலில். "கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போயிடுங்க மேடம்" என்கிற அந்த ஒரு வரிக்குப் பயந்தே வேலையை விட்ட அம்மாக்கள் ஏராளம்.

இதில் தனித்தனியாக எதுவுமே பெரிய விஷயம் இல்லை. இட்லித் தட்டு ஒரு பிரச்னையா? இல்லைதான். ஆனா தினமும், பதினைந்து வருஷம்!

விஸ்கான்சின் வியப்பு

இதை அளக்க முடியுமா என்று உங்க இன்ஜினீயர் மூளை கேட்கும். முடியும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் அபிடின் 1983-லேயே 'பெற்றோர் அழுத்த அளவுகோல்' ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் சுருக்க வடிவத்தில் 36 கேள்விகள். உலகம் முழுக்க இன்றைக்கும் ஆராய்ச்சிகளில் அதை வைத்துத்தான் நிறையப் பேர் அளக்கிறார்கள். கேள்வித்தாள் வேண்டாம், ரத்தமும் எச்சிலும் என்ன சொல்கிறது என்று கேட்கிறவர்களுக்கு விஸ்கான்சின் ஆராய்ச்சி.

அமெரிக்காவின் விஸ்கான்சின் - மேடிசன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா செல்ட்சர் தலைமையிலான குழு, வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் எச்சிலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளந்தது. ஸ்ட்ரெஸ் வந்தால் நம் உடம்பு சுரக்கிற ஹார்மோன் அது. அவங்களுக்கு அது எகிறிக் கிடக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. சாதாரண அம்மாக்களைவிடக் குறைவாக இருந்தது! வருஷக்கணக்காக அலாரம் அடித்து அடித்து, அந்த சர்க்யூட்டே களைத்துப் போயிருந்தது. போர்க்களத்தில் நீண்டகாலம் இருந்த சிப்பாய்களிடம் காணப்படுகிற மாதிரியான நிலை என்றார்கள். 2010-ல் வெளியான ஆய்வு இது.

அதே குழு எட்டு நாட்கள் தினமும் போன் செய்து, 'இன்னைக்கு என்ன நடந்தது?' என்று கேட்டது. மற்ற அம்மாக்களைவிடக் குழந்தையைக் கவனிப்பதற்கு மட்டும் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரமாவது கூடுதலாகச் செலவாகியிருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு, நாலு நாளில் ஒருநாள் வேலைக்கு நடுவே ஏதாவது ஒரு தடங்கல். மற்றவர்களுக்கு அது பத்தில் ஒருநாள்கூட இல்லை.

இன்னொரு விஷயமும் அதில் இருந்தது, அதை யாரும் ஹெட்லைனில் போடவில்லை. சந்தோஷமான நிமிஷங்கள் எத்தனை என்று எண்ணியபோது, இந்த அம்மாக்களுக்கும் மற்ற அம்மாக்களுக்கும் வித்தியாசமே இல்லை! அதனால, அடுத்த தடவை இப்படி ஒரு அம்மாவைப் பார்த்தால், 'ஐயோ பாவம்' முகத்தைக் கொஞ்சம் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவங்களும் சிரிக்கிறாங்க, அவங்க பையன் ஜோக் அடிக்கிறான், அவங்களுக்கும் ஃபேவரைட் சீரியல் இருக்கு.

ஆவடி டு எழும்பூர், வயா கண்ணீர்

சினிமா டைட்டில் மாதிரி இருக்குன்னு திட்டாதீங்க, ரூட் அப்படி!

பூந்தமல்லிக்கு ஒரு பெருமை உண்டு. பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி பிரிட்டிஷ் காலத்திலிருந்தே இங்கே இருக்கிறது. ஆனால், வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான பெரிய இடங்கள் எல்லாமே நகரத்தின் அந்தப் பக்கம். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகணும்னா, ஆவடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்றால், சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுன் வரை நடந்து, பறக்கும் ரயில். பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005-ல் வந்தது, எங்கே? ஈ.சி.ஆர். முட்டுக்காட்டில்! ஆவடியில் இருந்து ஐம்பது கிலோமீட்டர் பக்கம். தமிழக அரசின் 'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையம் 2024-ல் திறந்தபோது, சந்தோஷமாகத்தான் இருந்தது. இடம் பார்த்தால், சோழிங்கநல்லூர்.

கூகுள் மேப் ஒண்ணே முக்கால் மணி நேரம் என்று சொல்லும். அதற்கு என்ன தெரியும்? கூட்டத்தில் யாராவது இடித்தால் அவனுக்குத் தாங்காது. பீக் அவரில் வில்லிவாக்கத்தில் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ரயிலில் பையன் கையைத் தட்டிக்கொண்டே ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல, மொத்த கம்பார்ட்மென்ட்டும் திரும்பிப் பார்க்கும். அப்புறம் ஒரு பெரியவர் ஆரம்பிப்பார், "ஏம்மா, கொஞ்சம் அடக்கி வளர்க்கக் கூடாதா?" இப்படிப் போய், முக்கால் மணி நேர தெரபி முடித்து, அதே ரயிலில் திரும்பி வரணும். வாரத்துக்கு ரெண்டு தடவை என்றால் ரெண்டு நாள் காலி. எந்தக் கம்பெனி மேனேஜர் லீவு தருவார்?

உள்ளூரில் தனியார் தெரபி சென்டர்கள் நிறைய முளைத்திருக்கின்றன. நல்லவையும் உண்டு, மாடிப்படிக்குக் கீழே நாலு பலூன் பந்தை வைத்துக்கொண்டு நடத்துபவையும் உண்டு. எது எதுன்னு கண்டுபிடிப்பது பெற்றோரின் தலையெழுத்து. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் பிசியோதெரபிஸ்ட்டும் சிறப்பு ஆசிரியரும் இருக்கிறார்கள், காசு கிடையாது. 2013-ல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய திட்டத்தில், அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். இதெல்லாம் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாததால், நிறையப் பேர் தனியார் சென்டரில் நகையை அடகு வைத்துவிட்டு, அப்புறம்தான் வள மையம் என்ற பெயரையே கேள்விப்படுகிறார்கள்.

இதுக்கு மேல ஒரு எல்லைப் பிரச்னை. காவிரி இல்லை, இது நம்ம ஊர் எல்லை. 2018-ல் அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அதனால் அம்பத்தூர்க்காரர் அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் சென்னை அலுவலகத்துக்குப் போக, மூணு ஸ்டேஷன் தள்ளி இருக்கிற ஆவடிக்காரர் எதிர்ப்பக்கம், திருவள்ளூருக்கு ரயில் ஏற வேண்டும். வீடு மாறினால் ஃபைலும் மாறணும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் சாதாரண தலைவலியா?

'எல்லாம் உன்னாலதான்!'

இந்த ஸ்ட்ரெஸ்ஸில் பாதி குழந்தையால் வருவதே இல்லை. ஊரால் வருகிறது. அதற்கு ஒரு ஃபாரின் ஃப்ளாஷ்பேக் இருக்கு, கேளுங்க.

1943. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்று நாம் இன்றைக்குச் சொல்வது மருத்துவ உலகில் தனிக் கவனம் பெற்றது அதிலிருந்துதான். பிறவியிலேயே வருவது என்று அதில் சொன்ன கேனரே, பெற்றோர் அன்பு காட்டாத ஆட்களாக இருக்கிறார்கள் என்றும் எழுதி வைத்தார். அந்த ஒரு பொறி போதாதா? 'குளிர்சாதனப்பெட்டி அம்மாக்கள்' என்று ஒரு பட்டமே வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் மாதிரி சில்லென்று இருக்கிற அம்மாவால்தான் குழந்தை இப்படி ஆகிறதாம். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் ஒரு புத்தகமே எழுதி இதை ஊரெல்லாம் பரப்பினார். அவர் ஹிட்லரின் வதை முகாம்களில் இருந்து தப்பியவர். அந்த முகாம் அனுபவத்தையே உதாரணமாக்கி, ஆட்டிசக் குழந்தைகளின் நிலையை அதோடு ஒப்பிட்டார். ஒரு தலைமுறை அம்மாக்கள் குழந்தையையும் பார்த்துக்கொண்டு, குற்றவாளிக் கூண்டிலும் நின்றார்கள்.

உடைத்தது யார்? ஒரு அப்பா! பெர்னார்ட் ரிம்லாண்ட், அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர். அவர் மகனுக்கு ஆட்டிசம். 'என் மனைவி ஃபிரிட்ஜா?' என்று கோபம் வந்திருக்க வேண்டும், கிடைத்த ஆராய்ச்சிகளை எல்லாம் படித்துத் தள்ளி, இது மூளையும் உடலும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று 1964-ல் புத்தகம் எழுதினார். அதற்கு முன்னுரை எழுதிக்கொடுத்தவர் அதே கேனர்! 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு வந்து, பெற்றோர்மீது தப்பில்லை என்று மேடையிலேயே சொல்லிவிட்டுப் போனார். ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு மிகப் பெரிது என்பது இன்றைக்கு நிலைபெற்றுவிட்ட விஷயம்.

அமெரிக்காவில் கேஸ் முடிந்து அரை நூற்றாண்டு ஆச்சு. நம்ம தெருவில் இன்னும் வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது. "மாசமா இருக்கறப்ப கிரகணத்துல வெளிய போனியா?", "வேலைக்குப் போறேன்னு குழந்தையை விட்டுட்டே", "செல்போனைக் கொடுத்துக் கெடுத்துட்டே", "நாங்கெல்லாம் வளர்க்கலையா?"... ஃபிரிட்ஜ் என்ற வார்த்தை மட்டும்தான் இல்லை. தடுப்பூசியால் வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு மாமா அனுப்புவார். 1998-ல் அப்படி ஒரு கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது உண்மை. 2010-ல் அந்த இதழே அதை வாபஸ் வாங்கியதும் உண்மை. ரெண்டாவது செய்தியை மாமா ஃபார்வர்டு செய்வதில்லை.

திட்டுகிறவர்களைவிட எனக்கு அதிகக் கடுப்பேற்றுவது, புகழ்கிறவர்கள். 'தெய்வக் குழந்தை', 'உங்களால முடியும்னுதான் கடவுள் உங்ககிட்ட கொடுத்திருக்கார்', 'நீங்க சூப்பர் மாம்'. சொல்லிட்டுக் கைகூப்பிட்டுப் போயிடுவாங்க. அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கிட்டா, அந்த சூப்பர் மாம் தலைக்குக் குளித்துவிட்டு வருவாங்க சார்!

அப்பாக்கள் எங்கே?

எங்க ஃப்ளாட்ஸில் ஒரு குடும்பம். பையனுக்கு ஒன்பது வயது, பேச்சு கிடையாது. ராத்திரியில் தரையில் குதிப்பான். அசோசியேஷன் மீட்டிங்கில், தண்ணி லாரி, பார்க்கிங்குக்கு அடுத்த மூணாவது ஐட்டமாக அது வந்தது. அவன் அப்பா எழுந்தார். எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். கைகட்டிக்கொண்டு, கீழ் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாளே ஹால் முழுக்க ரப்பர் மேட் விரித்துவிட்டார். அதற்கு எத்தனை ஓ.டி. பார்த்தாரோ. இதுவரை அவர் யாரிடமும் இதைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை. அம்மாக்களாவது தெரபி சென்டர் வராண்டாவில் நாலு வார்த்தை பேசிக் கொட்டிவிடுகிறார்கள். அப்பாக்களுக்கு டீக்கடையில் பேச அரசியல் இருக்கிறது, கிரிக்கெட் இருக்கிறது, இது மட்டும் இல்லை. 2013-ல் 'ஹரிதாஸ்', 2019-ல் 'பேரன்பு' என்று தமிழ் சினிமா ரெண்டு முறை அந்த அப்பாவுக்கு வாய் கொடுத்தது. சினிமாவுக்கு வெளியே இன்னும் கொடுக்கவில்லை.

அம்மாக்களே கட்டிய பள்ளிக்கூடங்கள்

கொஞ்சம் நல்ல சேதியும் சொல்லணுமில்லையா? மேலே சொன்ன வித்யாசாகர் இருக்கே, அதை 1985-ல் ஆரம்பித்தவர் பூனம் நடராஜன். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மகனின் அம்மா. பின்னாளில் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்கே தலைவரானார். டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பை 1991-ல் தொடங்கிய மெர்ரி பரூவாவும் ஆட்டிசம் உள்ள மகனின் அம்மாதான். இருட்டைத் திட்டாமல் விளக்கேற்றினார்கள் என்று டயலாக் விட மாட்டேன். திட்டியும் இருப்பார்கள், ஏற்றியும் இருப்பார்கள்! 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தது, ஆட்டிசம் அதில் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் நுழைந்தது, 2016 சட்டத்தில் பட்டியல் 21 ஆனபோது முழுசாக இடம் பிடித்தது. கற்றல் குறைபாடும் அப்போதுதான் வந்தது. ஏ.டி.ஹெச்.டி. இன்னும் தனி வகையாக வரவில்லை. இந்த ஒவ்வொரு படிக்கும் பின்னால் மனு எழுதி எழுதிக் கை வலித்த பெற்றோர்கள் இருக்கிறார்கள்.

ஸ்பெஷலிஸ்ட் பக்கத்தில் இல்லை என்றால் வேறு வழி உண்டா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 ஆட்டிசக் குழந்தைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். டாக்டர் இல்லை, பெரிய தெரபிஸ்ட் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள், குழந்தையோடு எப்படி விளையாட வேண்டும் என்று பெற்றோருக்கே கற்றுத்தந்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஏற்றபடி பதில் கொடுப்பது கூடியது. குழந்தையும் தானாக முன்வந்து ஆரம்பிப்பது கூடியது. 2016-ல் 'லான்செட் சைக்கியாட்ரி'யில் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் பராமரிப்பவர்களுக்கு என்றே ஒன்பது குழு வகுப்பு, மூன்று வீட்டுச் சந்திப்பு என ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. இதில் எதற்கும் ஐந்து மாடிக் கட்டடம் வேண்டாம். அம்பத்தூரில் ஒரு சமுதாயக் கூடத்தின் ஹால் போதும்.

சென்ட்ரல் கவர்ன்மென்ட் அப்பா அம்மாக்கள் கவனிக்க!

ஆவடி என்றால் சி.வி.ஆர்.டி.இ., பீரங்கி வண்டித் தொழிற்சாலை என்று மத்திய அரசு சம்பளக்காரர்கள் நிறைந்த ஊர். ட்ரான்ஸ்ஃபர் என்றாலே தெரபிஸ்ட், ஸ்கூல், டாக்டர் எல்லாவற்றையும் முதலில் இருந்து தேடணும். மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியருக்கு, வழக்கமான இடமாற்றத்தில் இருந்து விலக்கு கேட்க 2014-ல் ஆணை வந்தது. ஆட்டிசமும் பின்னர் அதில் சேர்ந்தது. குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலத்தில் 730 நாட்கள் வரை உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் வயது வரம்பு கிடையாது. ஹிமாச்சலப் பிரதேசத்தில் ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியைக்கு இந்த விடுப்பை மறுத்த வழக்கில், 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இது சலுகை அல்ல, பெண்கள் வேலையில் பங்கெடுக்க அரசியல் சட்டம் தருகிற உரிமையோடு சேர்ந்தது என்கிற தொனியில் அழுத்தமாகப் பேசியது.

சரி, எஸ்டேட்டில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிற அம்மாவுக்கு? எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு? ஒண்ணும் இல்லை. லீவு போட்டால் சம்பளம் கட், ரெண்டு தடவை போட்டால் வேலையே கட். இந்த இடத்துல எனக்குக் காமெடி வரவில்லை, ஸாரி.

நம்மகிட்ட என்ன இருக்கு?

டைம் இருக்கு பாஸ்! சனிக்கிழமை மதியம் மாலில் ஏ.சி. காற்று வாங்குகிற டைம். ஃபார்ம் நிரப்பத் தெரியும். தனித்துவ அடையாள அட்டைக்கு ஆன்லைனில் அப்ளை பண்ணணும்; ஸ்கேன், அப்லோடு, ஓ.டி.பி... அடடா, நாலாவதாக ஒரு ஓ.டி.! 'நிராமயா' என்று தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தொடர் தெரபிச் செலவும் இதில் வரும், முன்கூட்டி மெடிக்கல் டெஸ்ட் கிடையாது. நம்ம ஏரியாவில் எத்தனை வீட்டுக்கு இது தெரியும்? என்.எஸ்.எஸ். கேம்ப்பில் வருஷா வருஷம் மரம் நட்டு, வருஷா வருஷம் அதே குழியில் மறுபடி நடுகிறோம். ஒரு வருஷம் ஆவடி மார்க்கெட் பக்கம் டேபிள் போட்டு இந்த ஃபார்ம்களை நிரப்பிக் கொடுத்தால் என்ன என்று எங்க டிபார்ட்மென்ட்டில் கேட்டு வைத்திருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.

இன்னும் சிம்பிளா ஒண்ணு. ரயிலில் ஒரு பையன் கத்தினால் திரும்பிப் பார்க்காதீர்கள். ஜன்னல் சீட் உங்களுடையது என்றால் எழுந்து கொடுங்கள், பேசாமல். அட்வைஸ் ஆரம்பிக்கிற பெரியவரிடம் வேண்டுமானால் ஸ்கோர் கேளுங்கள்.

எங்களுக்கு அப்புறம்?

எல்லாப் பெற்றோருக்கும் உள்ளே ஓடுகிற மயிரிழை விரிசல் இதுதான். தெரபி, ஃபீஸ், ட்ரெயின் எல்லாம் இன்றைய லோடு. நாம் போன பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்பது முடிவே இல்லாத லோடு. அதில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. பிள்ளைக்கு 18 வயது முடிந்த அன்றைக்குப் பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமையும் முடிந்துவிடும். பேங்க் அக்கவுன்ட், சொத்து என்று வரும்போது தடுமாற வேண்டியிருக்கும். அதற்காகத்தான் 1999 சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு இருக்கும், அங்கே விண்ணப்பித்துச் சட்டப்படி காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். அம்மா அப்பாவே ஆகலாம். அவர்களுக்கு வயதாகிவிட்டது என்றால், உடன்பிறந்தவர் ஆகலாம்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல், குழந்தை தூங்கின கொஞ்ச நேரத்தில், குரலைத் தாழ்த்தி நடக்கிறது. அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று அம்மா கேட்பார். அப்பா பதில் சொல்ல மாட்டார். பக்கத்து ரூமில் அண்ணன்காரனோ அக்காவோ நாளைய செமஸ்டருக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். ரெண்டு ரூம் வீட்டில் எல்லாமே கேட்கும். காலையில் காலேஜ் பஸ்ஸில் உங்க பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, "மச்சான், அஞ்சாவது யூனிட் படிச்சியா?" என்று கேட்பது அவராகக்கூட இருக்கலாம்.